கப்பல் கேக்குற பையன், கோயில் கேக்குற அம்மா: ஒரு நாளைக்குக் கடலூர் போதுமா?

மாங்கனி_சேலம் | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஜூன் கடைசிச் சனிக்கிழமை ஒரு நாள் முழுசா கைல இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் சேலத்துல இருந்து கார்ல கிளம்பி ராத்திரி தங்கிட்டு, ஞாயிறு காலைல திரும்பணும். நான், வீட்டுக்காரர், எங்க அம்மா (68 வயசு, முட்டி வலி), மூணாவது படிக்கிற பையன்.

சிக்கல் என்னன்னா ஆளாளுக்கு ஒன்னு கேக்குறாங்க. அவருக்குப் பாண்டி. அம்மாவுக்குப் பாடல் பெற்ற தலம் ஒன்னாவது இருக்கணும். பையன் கடலைப் பார்த்திருக்கான், கப்பலைப் பார்த்ததில்ல. "துறைமுகம்னா கப்பல் நிக்கும்தானே?"ன்னு ஒரு வாரமா உயிரை எடுக்கிறான். எனக்கு நல்ல மீன் குழம்பு கிடைச்சா போதும்.

கடலூரை நான் பஸ்ல தாண்டிப் போனதோட சரி. ஒரு நாள் சுத்துற அளவுக்கு அங்க ஏதாவது இருக்கா? பிச்சாவரம் அலையாத்திக் காடும் அதே நாள்ல முடியுமா?

ரூட்டுத்தல | திங்கள், இரவு 9.52

பாண்டி போங்க. விஷயம் முடிஞ்சது. கடலூர்ல பஸ் ஸ்டாண்டைத் தவிர என்ன இருக்கு?

முதுநகர்வாசி | திங்கள், இரவு 10.15

பஸ் ஸ்டாண்டோட திரும்பிட்டவருக்கு பஸ் ஸ்டாண்டுதான் தெரியும்.

மாங்கனி மேடம், பாண்டியைக் குறை சொல்ல மாட்டேன், இங்க இருந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், நாங்களே வாராவாரம் போறோம். ஆனா சனிக்கிழமை அங்க கார் நிறுத்த இடம் தேடியே உங்க பாதி நாள் போயிடும். கடலூர்ல அந்தத் தொல்லை இல்ல. வேற ஒரு தொல்லை இருக்கு: இந்த ஊரு நேரம் பார்த்துப் போனாத்தான் எதையாவது காட்டும். காலைல 10 மணிக்கு எந்திரிச்சு வந்து "எங்கே பார்க்க வேண்டிய இடங்கள்?"னு கேட்டீங்கன்னா ரூட்டுத்தல சொன்னதுதான் சரின்னு ஆயிடும்.

முதல்ல ஊரைப் புரிஞ்சுக்கோங்க. தெற்க முதுநகர், நாங்க ஓ.டி.ன்னு (ஓல்டு டவுன்) சொல்லுவோம். துறைமுகம், மீன், பழைய வியாபாரத் தெரு எல்லாம் அங்க. நடுவுல திருப்பாதிரிப்புலியூர். யாரும் அப்படி முழுசா சொல்ல மாட்டாங்க, "திருப்பாப்புலியூர்"னு கேளுங்க. கோயில், பஸ் ஸ்டாண்டு, ரயில் ஸ்டேஷன் அங்க. கெடிலம் ஆத்தைத் தாண்டினா மஞ்சக்குப்பம், புதுநகர். கடலோரம் தேவனாம்பட்டினம், அங்கதான் சில்வர் பீச்.

இப்ப பையன் விஷயம். உண்மையைச் சொல்லிடறேன். இது தூத்துக்குடி மாதிரி கப்பல் வந்து ஒட்டி நிக்கிற காட்சி இல்ல. கரையோரம் ஆழம் பத்தாது. அந்தக் காலத்துலயே பெரிய கப்பலெல்லாம் தள்ளி நடுக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும், சரக்கு தோணியில ஏறி இறங்கும். கப்பல் பார்க்கலாம்னு வாக்குக் குடுத்துக் கூட்டிட்டு வராதீங்க. ஆனா உப்பனாறு முழுக்க விசைப்படகும் ஃபைபர் படகுமா நிக்கும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை. நீங்க வர்றது தடை முடிஞ்சு ரெண்டாவது வாரம். இதைவிட நல்ல நேரம் கிடையாது. மீன் ஏலம் பார்க்க விடிகாலை அஞ்சரைக்கு அங்க நிக்கணும். ஆறரைக்கு வந்தா ஈரத் தரையும் காக்காயும்தான்.

மாங்கனி_சேலம் | திங்கள், இரவு 10.31

அஞ்சரையா! எங்க வீட்டுக்காரரை எழுப்பவே ஏலம் போடணும். சரி, பார்ப்போம். அம்மாவுக்கு அங்க நடக்க முடியுமா?

படகுவீட்டுப்_பொண்ணு | செவ்வாய், காலை 6.05

அக்கா, எங்க வீடு அக்கரைக்கோரி பக்கம். அப்பா, ரெண்டு அண்ணன் எல்லாரும் தொழிலுக்குப் போறவங்க. அதனால சொல்றேன்.

அம்மாவை ஏலம் நடக்கிற இடத்துக்குள்ள கூட்டிட்டுப் போவாதீங்க. தரை முழுக்க மீன் தண்ணியும் ஐஸும், வழுக்கும். கார்லயே உக்காரட்டும், இல்லன்னா பாலத்து மேல நின்னு பார்க்கட்டும். அங்க இருந்து பார்த்தாலே படகு வர்றதெல்லாம் அழகா தெரியும்.

நீங்க உள்ள போனா ஓரமா நில்லுங்க. கூடை தூக்கிட்டு ஓடி வர்ற அக்காங்க நிக்க மாட்டாங்க, நீங்கதான் ஒதுங்கணும். நடுவுல நின்னு போன் பிடிச்சு வீடியோ எடுக்கிறவங்களைப் பார்த்தா எங்களுக்குப் பத்திக்கிட்டு வரும். அது எங்க வியாபார நேரம். இன்னொன்னு, ஏலம் கூறும்போது சும்மா தலையை ஆட்டாதீங்க. ஒருத்தர் பாண்டில இருந்து வந்து "ஆமா ஆமா"ன்னு தலையாட்டிட்டு நின்னார், முப்பது கிலோ கவளை மீன் அவர் தலைல விழுந்துச்சு. அப்புறம் எங்க சித்திதான் பாவம்னு வாங்கிக்கிட்டாங்க.

வீட்டுக்கு வாங்கணும்னா ஏலத்துல வேணாம். வெளிய பெட்டி வச்சு உக்காந்திருக்கிற அக்காங்ககிட்ட ஒரு கிலோ ரெண்டு கிலோன்னு வாங்கலாம். செவுளைத் தூக்கிப் பாருங்க, ரத்தச் சிவப்பா இருக்கணும். பக்கத்துலயே ஆய்ஞ்சு குடுக்க ஆளு இருக்கும். சேலம் வரைக்கும் கொண்டு போகணும்னா ஞாயித்துக்கிழமை காலைல வாங்குங்க, தெர்மாகோல் பெட்டி நீங்களே எடுத்துட்டு வாங்க.

கோட்டைதேடி | செவ்வாய், காலை 11.20

ஒரு எச்சரிக்கை. "புனித டேவிட் கோட்டை"ன்னு ஒரு இடத்தைப் பட்டியல்ல போட்டு உங்களை அலைய விடுவாங்க. போன வருஷம் நான் போனேன். ஆட்டோக்காரர் ஒரு கல்லூரி வாசல்ல இறக்கி விட்டார். அங்க இருந்து விசாரிச்சு விசாரிச்சுப் போனா, ஆத்தோரம் புதர், செங்கல் மேடு, சில சுவர்த் துண்டு. அவ்வளவுதான். கோட்டைன்னு நம்பி செஞ்சி ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணிட்டுப் போய் ஏமாந்தேன். 300 ரூபாய் ஆட்டோ தண்டம்.

கெடிலக்கரை | செவ்வாய், மதியம் 1.10

கோட்டைதேடி தம்பிக்கு. நீங்கள் ஏமாந்ததற்கு ஆட்டோக்காரர் காரணமில்லை, லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி காரணம். 1758-ல் கோட்டையைப் பிடித்ததும் இடித்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டார். மூன்று வருடத்தில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து அதே போல இடித்தார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் இன்றைக்கு எந்த ஊர் உசத்தி என்று சண்டை போடுவது அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

கோட்டையில் பார்க்க ஒன்றும் இல்லை என்பது சரி. ஆனால் பார்க்க வேண்டியதைச் சுவரில் தேடினால் கிடைக்காது, ஊர்ப் பெயரில் இருக்கிறது. 1690-ல் கிழக்கிந்தியக் கும்பினி இந்தக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரமான அளவு: பீரங்கியால் சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை. கோட்டையில் இருந்து சுற்றுவட்டமெல்லாம் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊரெல்லாம் கும்பினிக்கு. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். இன்றும் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது, பஸ் பலகையிலேயே பார்க்கலாம். செம்மண்டலம் பக்கம் குண்டு சாலை இருக்கிறது. அங்கே குடியிருக்கிற பலர் சாலையில் குண்டும் குழியுமாக இருப்பதால் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் பொய்யில்லை.

1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது ராபர்ட் கிளைவ் என்ற இளம் எழுத்தர் மாறுவேடத்தில் தப்பி ஓடி வந்தது இந்தக் கோட்டைக்குத்தான். 1752 வரை கும்பினிக்குத் தெற்கே தலைமையிடமே இதுதான். கிளைவ் தப்பி வந்து பத்து வருடம் கழித்து, 1756-ல், அதே ஆள் இங்கே கவர்னராக வந்தார். வந்த வேகத்தில் வங்காளத்துக்குப் போனார், மறு வருடம் பிளாசிப் போர். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

சேலத்து அம்மையார் பையனைச் சில்வர் பீச்சில் நிறுத்தி, "இங்கிருந்து சுட்டால் எங்கே விழும், அந்த ஊர் உனக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கப்பலை மறந்துவிடுவான்.

கோட்டைதேடி | செவ்வாய், மதியம் 1.48

ஐயா, இதை ஆட்டோ ஏறுறதுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருந்தா 300 ரூபாய் வலிச்சிருக்காது.

ரூட்டுத்தல | செவ்வாய், மதியம் 2.05

ஆக, இல்லாத கோட்டை, வராத கப்பல். இதுக்குப் பாண்டியே பரவாயில்ல.

மட்டுறுத்துநர் | செவ்வாய், மதியம் 2.30

ரூட்டுத்தல, ஊர்ச் சண்டைக்குத் தனி இழை இருக்கு. இங்க கேள்விக்குப் பதில் சொல்லுங்க.

கொத்சு_பிரியன் | செவ்வாய், மாலை 5.16

சிதம்பரத்துல இருந்து எழுதுறேன். பிச்சாவரத்தைப் பத்தி யாரும் சொல்லலையே.

ஒரே நாள்ல முடியும், ஆனா ஒன்னை விடணும். கடலூர்ல இருந்து சிதம்பரம் ரோட்டுல வந்து பிச்சாவரம் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். காலைல துறைமுகம், கோயில், சாயங்காலம் பிச்சாவரம்னு வச்சுக்கோங்க. சில்வர் பீச்சை ஞாயித்துக்கிழமை விடியலுக்குத் தள்ளுங்க. கிழக்குப் பார்த்த கடலுக்குச் சாயங்காலம் என்ன வேலை?

படகுத்துறைல ரெண்டு விதம் இருக்கு: மோட்டார், கைத்துடுப்பு. மோட்டார்ல போனா அகலமான வாய்க்கால்ல ஒரு சுத்து சுத்திக் கொண்டாந்து விட்டுருவாங்க. துடுப்புப் படகுதான் மரத்துக்குக் கீழ, கிளை தலைல தட்டுற சின்ன ஓடைக்குள்ள நுழையும். காசு கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் அதையே எடுங்க. உச்சி வெயில்ல வேணவே வேணாம். படகுல கூரை கிடையாது. மூணு மணிக்கு மேல வந்தா நல்லது, ரொம்பத் தாமதிச்சா டிக்கெட் கொடுக்கிறதை நிறுத்திடுவாங்க.

பையனுக்குக் காட்ட வேண்டியது: சுரபுன்னைக்கு முட்டுக் கொடுத்த மாதிரி தாங்கு வேர் இருக்கும். வெண்கண்டலுக்கு வேர் தலைகீழா சேத்துல இருந்து ஆணி ஆணியா மேல நீட்டிட்டு இருக்கும், அதுதான் மூச்சு வாங்குற வேர். வெண்கண்டல் இலையை நக்கிப் பார்த்தா உப்புக் கரிக்கும், குடிச்ச உப்பை இலை வழியா வெளிய தள்ளுது. ஆனா படகுக்காரரைக் கேக்காம எந்த இலையையும் கிள்ளாதீங்க. தில்லை மரமும் அங்கயே இருக்கு, அதோட பால் கண்ணுல பட்டா ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேரு வந்ததே இந்த மரத்தாலதான். 2022-ல இந்தக் காட்டை ராம்சர் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்கள் பட்டியல்) சேர்த்தாங்க.

ராத்திரி சிதம்பரத்துல இட்லிக்குக் கத்திரிக்காய்க் கொத்சு கேட்டு வாங்கிச் சாப்பிடாம திரும்பாதீங்க. நான் வச்சிருக்கிற பேருக்கு இதைச் சொல்லலைன்னா துரோகம்.

கெடிலக்கரை | செவ்வாய், இரவு 8.40

சேலம் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. பிச்சாவரம் போகும் வழியில் பி.முட்லூரில் பரங்கிப்பேட்டைக்குச் சாலை பிரியும். பரங்கி என்றால் போர்த்துகீசியர், ஆங்கிலத்தில் போர்ட்டோ நோவோ. 1781 ஜூலை 1-ல் ஹைதர் அலியை அயர் கூட் தோற்கடித்த போர்க்களம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையமும் அங்கே, வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. ஆனால் உங்களுக்குச் சொல்ல வந்தது வேறு: 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் அங்கே ஓர் இரும்பு உருக்காலை வைத்தார். தாது எங்கிருந்து வந்தது? உங்கள் சேலத்து மலையில் இருந்து. விறகுக்கரி போட்டு உருக்கி, கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினார். கரிக்கு மரம் வெட்டியே கட்டுப்படி ஆகாமல் போய்விட்டது. உங்கள் ஊர் மண் கடல் பார்த்த வழியில்தான் நீங்களும் போகிறீர்கள்.

அம்மாவுக்கும் ஒரு வழி இருக்கிறது. நீங்கள் உளுந்தூர்ப்பேட்டை தாண்டி மடப்பட்டில் திரும்பிப் பண்ருட்டி வழியாகத்தான் வருவீர்கள். பண்ருட்டியை ஒட்டித் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில். அப்பரின் தமக்கை திலகவதியார் தொண்டு செய்த இடம், அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த இடம். வெள்ளி மாலை அங்கே இறங்குங்கள். அதே அப்பரைப் பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் போட, அந்தக் கல்லே தெப்பமாகிக் கரையேறினார் என்பது வரலாறு. கரையேறியது கடலூரில், அந்த இடத்துக்கே கரையேறவிட்டகுப்பம் என்று பெயர். கரையேறி நேராக வந்து வணங்கியவர் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர். இரண்டு கோயிலுக்கும் பொதுவாக ஓடுவது எங்கள் கெடிலம்தான். தலமரம் பாதிரியைக் கேட்டுப் பாருங்கள். நடை சாத்துவதற்குள், பத்து மணிக்கு முன்னால் போய்விடுவது நல்லது.

மாங்கனி_சேலம் | செவ்வாய், இரவு 9.15

ஐயா, இதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அப்ப நான் வெள்ளிக்கிழமையே சாப்பிடாம வரேன்"ங்கறாங்க. முட்டி வலியெல்லாம் எங்க போச்சோ.

முதுநகர்வாசி | புதன், காலை 7.30

ரெண்டு விஷயம் விட்டுப் போச்சு.

ஒன்னு, சில்வர் பீச்சுல பையனைக் கால் நனைக்க விடுங்க, அதுக்கு மேல வேணாம். கரை சட்டுனு சரிவு, உள்ளிழுப்பு ஜாஸ்தி. ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரம் பக்கம் தண்ணி அமைதியா இருக்குன்னு இறங்கவே இறங்காதீங்க. வருஷா வருஷம் வெளியூர்ப் பசங்க உசுரு போறது அங்கதான்.

ரெண்டு, அந்தக் கரை ஊரெல்லாம் 2004 டிசம்பர் 26-ல அடி வாங்கினது. நாகப்பட்டினம், கன்னியாகுமரிக்கு அடுத்து எங்க மாவட்டத்துலதான் உயிர்ச்சேதம் அதிகம். இப்பவும் அந்தத் தேதில கடலுக்குப் பால் ஊத்துவாங்க. "சுனாமி எங்க வந்துச்சு, எவ்ளோ உயரம்"னு மீன் விக்கிற அக்காங்ககிட்ட கேக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். அவங்களா சொன்னா கேட்டுக்கோங்க.

படகுவீட்டுப்_பொண்ணு | புதன், காலை 7.44

நன்றி அண்ணே.

நெல்லிக்குப்பம்_வெல்லம் | புதன், காலை 10.02

கேப்பர் மலை ஜெயில்? பாரதியார் 1918-ல புதுச்சேரியை விட்டு வெளிய வந்ததும் கைது பண்ணி வச்சிருந்தது கடலூர்ச் சிறைலதான், நவம்பர் 20-ல இருந்து டிசம்பர் 14 வரைக்கும். பார்க்க விடுவாங்களா?

முதுநகர்வாசி | புதன், காலை 10.40

இன்னும் கைதிங்க இருக்கிற மத்திய சிறை அது, சுத்திப் பார்க்கிற இடம் இல்ல. வாசலோட சரி. சுதந்திரப் போராட்டம்னா எங்க முதுநகர்லயே அஞ்சலை அம்மாள் இருந்தாங்க. 1927-ல சென்னைல நீல்ங்கற வெள்ளைக்காரத் தளபதியோட சிலையை எடுக்கச் சொல்லி நடந்த போராட்டத்துல சின்னப் பொண்ணையும் கூட்டிட்டு ஜெயிலுக்குப் போனவங்க. அதுக்குத் தனி இழையே போடலாம்.

மாங்கனி_சேலம் | அடுத்த திங்கள், இரவு 10.20

போயிட்டு வந்தாச்சு. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

வெள்ளிக்கிழமை பண்ருட்டில ரோட்டோரம் பலாப்பழம் குவிச்சு வச்சிருந்தாங்க. ஒரு பழத்தைக் கார் டிக்கில போட்டதுதான் நாங்க செஞ்ச முதல் தப்பு, மூணு நாளும் கார் முழுக்க அதே வாசனை. திருவதிகைல அம்மா படியேறி இறங்கினதைப் பார்த்து எங்க வீட்டுக்காரர் "முட்டி வலி யாருக்கு?"ன்னு கேட்டார். பதில் வரல.

சனிக்கிழமை அஞ்சரைன்னு சொன்னீங்க, நாங்க போய்ச் சேர்ந்தப்ப அஞ்சே முக்கால். அவர் பைபாஸ்ல ஏறிட்டார். ஆனாலும் பாதிக் கூட்டம் இருந்துச்சு. அம்மாவும் பையனும் பாலத்து மேல. நான் கையைக் கட்டிக்கிட்டு, தலையை ஆட்டாம, ஓரமா நின்னேன். சத்தியமா அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்ல. கூடை வந்து இறங்குறதுக்குள்ள விலை ஏறி, பேரம் முடிஞ்சு, கூடை போயிடுது. சங்கராவும் கானாங்கத்தையும் எனக்குத் தெரிஞ்சுது, மத்த பாதி மீனுக்குப் பேரே தெரியல. பையன் மேல இருந்து எண்ணி 74 படகுன்னு சொன்னான். 74-ல ஒன்னு கூட கப்பல் இல்லைன்னு கீழ வந்து புகார்.

கோயில் பத்து மணிக்கு முன்னாடியே முடிஞ்சது. அம்மா பாதிரி மரத்தடியில உக்காந்தவங்க எந்திரிக்கல. அப்பர் கதையைப் பையனுக்குச் சொல்றாங்க, அவன் "கல்லு எப்படி மிதக்கும்?"னு கேக்க, "அவர் பாடினார், மிதந்துச்சு"ன்னுட்டு அடுத்த வேலையைப் பார்த்தாங்க.

மத்தியானச் சாப்பாட்டுல ஏமாந்தேன். விலை கேக்காம வஞ்சிரம் வறுவல் நாலு சொல்லிட்டேன். பில்லைப் பார்த்து அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. குழம்பு மட்டும் நிஜமாவே நல்லா இருந்துச்சு, மாங்காய் போட்டு வச்சிருந்தாங்க.

பிச்சாவரத்துக்கு மூணேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். துடுப்புப் படகுதான் எடுத்தோம். கொத்சு சார் உங்களுக்கு ஒரு கும்பிடு. படகுக்காரர் ஐயா ஒருத்தர், அறுபதுக்கு மேல இருக்கும், ஓடைக்குள்ள நுழைஞ்சதும் துடுப்பைத் தூக்கி வச்சுட்டுக் கிளையைக் கையால பிடிச்சு இழுத்துக்கிட்டே போனார். வெளிய அடிச்ச வெயிலும் சத்தமும் அப்படியே அறுந்து போச்சு. நண்டு சேத்துல ஓடுற சத்தம் கேட்டுச்சு, நம்புங்க. பையன் அவர்கிட்ட கேட்டுட்டு இலையை நக்கிப் பார்த்து "உப்பு, உப்பு"ன்னு கத்தி ஒரு கொக்கைக் கிளப்பி விட்டான். அம்மா மட்டும் கண்ணை மூடிக்கிட்டு ஏதோ முணுமுணுத்துக்கிட்டே வந்தாங்க, கல்லு மிதந்த பதிகமா இருக்கும். பரங்கிப்பேட்டைக்குத் திரும்ப நேரமில்ல, முட்லூர்ல பலகையைப் பார்த்து எங்க ஊர் இரும்புக்கு ஒரு வணக்கம் போட்டதோட சரி.

ஞாயிறு விடியல் சில்வர் பீச். இங்கதான் ஆச்சரியம். பாண்டி பாண்டின்னு புலம்பினவர் கெடிலக்கரை ஐயா எழுதினதைப் போன்ல வச்சுக்கிட்டுப் பையனோட நின்னு பீரங்கி சுட ஆரம்பிச்சுட்டார். "வடக்க சுடு, உப்பலவாடி நமக்கு. மேக்க சுடு, மஞ்சக்குப்பம் நமக்கு." பக்கத்துல நடந்து போன பெரியவர் ஒருத்தர் நின்னு, "தம்பி, எங்க வீடும் அதுக்குள்ளதான் வருது, வரி கேட்டு வந்துடாதீங்க"ன்னார். அப்புறம் பையன் கிழக்க திரும்பி, "அப்பா, கடல் பக்கம் சுட்டாங்களா? அப்ப கடலும் அவங்களுதா?"ன்னு கேட்டான். ஐயா, இதுக்குப் பதில் நீங்கதான் சொல்லணும்.

கடைசியா, ஆறு மணி வாக்குல தூரத்துல கருப்பா ஒரு புள்ளி. நகரவே இல்ல. அது கப்பல்தான்னு அடம். சேலம் வரைக்கும் அதே பேச்சு. ஸ்கூல்ல இன்னிக்கு "கடலூர்ல கப்பல் பார்த்தேன்"னு சொல்லியாச்சாம்.

கெடிலக்கரை | அடுத்த திங்கள், இரவு 10.51

கடல் பக்கம் சுட வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. கடல் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தார்கள். 1783-ல் இதே கடலூர்க் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் வந்து அவர்களை விரட்டினார். பையனிடம் அடுத்த பயணத்துக்கு அந்தக் கதையை வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

ரூட்டுத்தல | அடுத்த திங்கள், இரவு 11.02

அந்த மாங்காய் போட்ட மீன் குழம்பு எந்தக் கடைன்னு தனிமடல்ல சொல்லுங்க. சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

படகுவீட்டுப்_பொண்ணு | செவ்வாய், காலை 5.58

அக்கா, ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு அந்தப் பக்கம் வலை போட்டுட்டு நின்னது எங்க பெரியண்ணன் படகா இருக்கும். பையன்கிட்ட சொல்லிடாதீங்க. அண்ணன்கிட்ட சொன்னேன், "நம்ம போட்டு கப்பலாயிடுச்சா, பெயிண்ட் அடிக்கணும் அப்ப"ன்னு சிரிச்சுட்டுப் போச்சு.